நல்ல வீடியோ எடுத்தும் பார்க்க ஆள் வரவில்லையா? சிறு யூடியூப் சேனல் நடத்துபவர்களின் கேள்விகள்

கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், சொட்டுநீர்ப் பாசனத்தை விளக்கும் விவசாயி, ஊர்ச் சமையலைப் பதிவு செய்யும் அக்கா, கோயில் சிற்பங்களைக் காட்டும் ஓய்வு பெற்ற அலுவலர் போன்றவர்களுக்குப் படத்தொகுப்பு செய்து கொடுப்பது என் தொழில். இவர்களிடம் விஷயம் இல்லாமல் இல்லை. அந்த விஷயம் வேண்டியவர்கள் கண்ணில் படாமல் கிடப்பதுதான் எனக்கு வருத்தம். தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்கு நாள் உழைத்து எடுத்த வீடியோவை முப்பது பேர்கூடப் பார்க்கவில்லை. யூடியூப் என் சேனலை மறைத்து வைத்திருக்கிறதா?

இல்லை. யூடியூப் யாருடைய வீடியோவையும் தூக்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் பரப்புவதில்லை. ஒருவர் செயலியைத் திறக்கிறார். அவர் இதுவரை எதையெல்லாம் பார்த்தார், எதைப் பாதியில் விட்டார் என்பதை வைத்து, அவருக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்து முன்னால் வைக்கிறது. உங்கள் வீடியோ அப்படிச் சிலர் முன்னால் வைக்கப்படும்போது இரண்டு விஷயங்கள் கவனிக்கப்படுகின்றன. தொட்டுத் திறந்தார்களா? திறந்தவர்கள் தங்கினார்களா?

2012 வரை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதற்கே பெரிய மதிப்பு இருந்தது. அதனால் படத்தில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைத்தவர்கள் பிழைத்தார்கள். அந்த ஆண்டில் யூடியூப் கணக்கிடும் முறையை மாற்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முதன்மையாக்கியது. அன்று முதல், வீடியோவின் தொடக்கம்தான் அதன் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

ஒரு விவசாயியின் சேனலில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுப்பது பற்றிய பதினொரு நிமிட வீடியோ அது. முதலில் சேனலின் சின்னம் சுழன்று வரும், பின்னால் இசை. பிறகு வணக்கம், ஊர்ப்பெயர், போன வீடியோவுக்கு ஆதரவு தந்தவர்களுக்கு நன்றி, சந்தாதாரர் ஆகும்படி வேண்டுகோள். வேலை தொடங்கவே ஒன்றரை நிமிடம் ஆனது. சேனல் நடத்துபவர்கள் தங்கள் வீடியோக்களைக் கவனித்துக்கொள்ளும் பக்கம் யூடியூப் ஸ்டூடியோ. அதில் பார்வையாளர் தங்கிய விதத்தைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. இந்த வீடியோவில் அந்தக் கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேராகக் கீழே இறங்கியிருந்தது. அவர் குழாயிலிருந்து, நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவானை, உப்புப் படிந்தபடியே பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டும் காட்சி நான்காவது நிமிடத்தில் இருந்தது. அதன் பிறகு எடுத்த வீடியோக்களில் அப்படிப்பட்ட காட்சியையே முதல் காட்சியாக வைத்தோம். வணக்கம் அதற்குப் பின்னால் ஒரே வரியில் வந்தது. கோடு இறங்குவது நிதானப்பட்டது.

ஏற்கெனவே ஏற்றிவிட்ட வீடியோவின் முன்பகுதியையும் ஸ்டூடியோவிலேயே வெட்டலாம். இணைப்பு மாறாது, பார்வை எண்ணிக்கையும் கருத்துகளும் அப்படியே இருக்கும். ஒரு லட்சம் பார்வைகளைத் தாண்டிய வீடியோ என்றால் மட்டும், வருமானத் திட்டத்தில் சேராத சேனலுக்கு இதில் கட்டுப்பாடு உண்டு.

தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?

தமிழில் வையுங்கள். உங்கள் வீடியோ எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் ஏராளம் என்பதால், அந்த வடிவத்தை விளக்கப் பகுதியின் முதல் இரண்டு வரிகளுக்குள் ஒருமுறை இயல்பாக எழுதிவிடுங்கள்.

தலைப்புக்கு 100 எழுத்துகள் வரைதான் இடம். தமிழர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையின் கணக்கில் அது ஐந்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணப்படும். ஆகவே நாம் நினைப்பதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். கைப்பேசியிலோ நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாகிவிடும். முக்கியமான சொல் தலைப்பின் முன்பாதியில் வரட்டும். "அனைவருக்கும் வணக்கம், இன்று நாம் பார்க்கப்போவது" என்று தொடங்கும் தலைப்புகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது; உள்ளே இருக்கும் வேலை அவ்வளவு நன்றாக இருக்கும்.

எந்தச் சொல்லைப் போட்டால் தேடலில் வரும்?

உங்கள் ஊர்ச் சொல்லோடு நிற்காதீர்கள், அடுத்த ஊர்ச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சமையல் வீடியோ எடுக்கும் அக்கா ஒருமுறை "குச்சிக்கிழங்கு வறுவல்" என்று மட்டும் தலைப்பு வைத்தார். சேலத்துப் பக்கம் அது எல்லோருக்கும் புரியும். ஆனால் கன்னியாகுமரியில் அது மரச்சீனி. வேறு பல ஊர்களில் மரவள்ளி. கப்பைக்கிழங்கு என்று சொல்லும் வீடுகளும் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் மரவள்ளி என்றுதான் தேடுவார். கிழங்கு ஒன்றுதான், தேடும் விரல்கள் வேறு வேறு. தலைப்பில் பொதுச்சொல்லும் ஊர்ச்சொல்லுமாக இரண்டு, விளக்கத்தில் மற்றவை என்று எழுதினோம். பேசும்போதும், "எங்கள் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்போம், உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று அவர் கேட்டார். கருத்துப் பகுதியில் வந்து குவிந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, இதையே தனித் தொகுப்பாகச் செய்யலாமே என்றார். செய்யலாம்தான்!

தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி நிறுத்தினால் கீழே வரிசையாகப் பரிந்துரைகள் வரும். அவை மக்கள் உண்மையிலேயே தேடும் சொற்கள். வீடியோ எடுக்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

டேக் நிறையப் போட வேண்டுமா?

வேண்டாம். டேக் என்பது வீடியோவோடு தனியாகச் சேர்த்து வைக்கும் அடையாளச் சொல். 500 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது, ஆனால் பெயரைத் தவறாகத் தட்டுபவர்களுக்கு உதவுவதைத் தவிர டேக்குகளுக்குப் பெரிய பங்கு இல்லை என்று யூடியூபே சொல்கிறது. ஐந்தாறு போதும்.

தம்ப்நெயில் எப்படி இருக்க வேண்டும்?

தம்ப்நெயில் என்பது வீடியோவைத் திறக்கும் முன் தெரியும் முகப்புப் படம். 1280 × 720 அளவில் செய்யுங்கள். செய்து முடித்ததும் கைப்பேசியில் திறந்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் தம்ப்நெயில். வலது கீழ்மூலையில் வீடியோவின் நீளம் காட்டும் கறுப்புக் கட்டம் உட்காரும். அங்கே எழுத்து வைத்தால் மறைந்துவிடும். சொந்தமாகச் செய்த படத்தை ஏற்றுவதற்கு, கைப்பேசி எண் மூலம் கணக்கைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

மூன்று நான்கு சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம். அந்தச் சொற்களில் எழுத்து உடையாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல வடிவமைப்புச் செயலிகள் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோப்பதில்லை. "கொடி" என்று எழுதியது, கொம்பு ஓர் இடத்திலும் கால் ஓர் இடத்திலுமாகப் பிரிந்து, நடுவில் புள்ளிவட்டத்தோடு நிற்கும். உடைந்த எழுத்தைப் பார்த்தவுடன், இதைச் செய்தவர் கவனமில்லாதவர் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். அது உங்கள் உழைப்புக்கு நேரும் அநியாயம். செயலியில் ஒரு நல்ல யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, அதையே எல்லா வீடியோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம் நல்லது என்று தெரியாவிட்டால், ஸ்டூடியோவில் ஒரே வீடியோவுக்கு மூன்று படங்கள் வரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. அது எதை அதிகம் பேர் தொட்டார்கள் என்று மட்டும் பார்க்காமல், எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்று கணக்கிடும். உள்ளே இல்லாததைப் படத்தில் காட்டினால் தோற்றுவிடுவீர்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

தமிழ் வீடியோவுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். சிறு சேனல்கள் செய்யாமல் விடும் வேலைகளில் மிகப் பெரியது இதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் தமிழ் படிப்பவர்களுக்கு உங்கள் வீடியோ ஊமைப்படம். வயதாகிக் காது மந்தமானவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். பஸ்ஸில் உட்கார்ந்து ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவரும், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தாயும் எழுத்தைத்தான் நம்புகிறார்கள். நெல்லைப் பேச்சைச் சென்னைக்காரரும், மட்டக்களப்புப் பேச்சைக் கோவைக்காரரும் பின்தொடர்வதற்குக்கூட எழுத்து கைகொடுக்கிறது.

ஆங்கில சப்டைட்டிலையும் சேர்த்துவிட்டால் இன்னொரு வாசல் திறக்கும். டொரன்டோவிலும் லண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், படிக்கத் தெரியாது. பாட்டி அனுப்பிய வீடியோவை அவர்கள் முழுதாகப் பார்ப்பதும் பாதியில் விடுவதும் அந்த ஆங்கில வரிகளைப் பொறுத்தே இருக்கிறது.

செய்வது கடினமில்லை. கணினியில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண், அதன் கீழே நேரம், அதன் கீழே வசனம், பிறகு ஒரு வெற்று வரி. இப்படி:

1
00:00:02,000 --> 00:00:05,500
இந்தச் சொட்டுவானில் படிந்திருப்பது
உப்பு, மண் இல்லை.

நொடிக்குப் பின்னால் வருவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி இல்லை. கோப்பின் பெயர் எஸ்.ஆர்.டி. (.srt) என்ற பின்னொட்டோடு முடிய வேண்டும். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தில் (encoding) யுடிஎஃப்-8 (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மறந்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஒரு துண்டுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நேரக் கணக்கு பயமுறுத்தினால், வசனத்தை மட்டும் தட்டி ஸ்டூடியோவில் ஒட்டிவிட்டு, வீடியோவை ஓடவிட்டு அங்கேயே நேரத்தைப் பொருத்தலாம்.

இயந்திரமே போட்டுத் தரும் எழுத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊர்ப்பெயர், பயிர்ப்பெயர், மருந்தின் அளவு ஆகிய மூன்றில்தான் அது சறுக்கும். அந்த மூன்றில் பிழை வந்தால் பார்ப்பவருக்கு நஷ்டம். மருந்து கலக்கும் வீடியோவில் "ஒரு லிட்டருக்கு மூன்று மில்லி" என்பது "முப்பது" என்று ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எண் வரும் இடத்தையெல்லாம் நானே உட்கார்ந்து இரண்டு முறை படிப்பேன்.

சப்டைட்டில் எழுத எனக்கு நேரமில்லை. பார்வையாளர்கள் உதவ முடியுமா?

முன்பு யார் வேண்டுமானாலும் எழுதி உதவும் வசதி யூடியூபில் இருந்தது. 2020 செப்டம்பர் 28 அன்று அதை நிறுத்திவிட்டார்கள். காது கேளாதோர் பலர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இப்போது இருக்கும் வழி, நம்பிக்கையான ஒருவருக்குச் சேனல் அனுமதிகளில் சப்டைட்டில் திருத்துபவர் என்ற பொறுப்பை மட்டும் கொடுப்பது. அவரால் வேறு எதையும் தொட முடியாது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகளோ, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவோ உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

தலைப்பையும் விளக்கத்தையும் வேறு மொழிகளில் சேர்த்து வைத்தால், அந்த மொழியில் யூடியூபைப் பயன்படுத்துபவருக்கு அதுவே தெரியும். காட்சியிலேயே எல்லாம் விளங்கிவிடும் கைத்தொழில், சமையல், மரவேலை வீடியோக்களுக்கு இது மிகவும் பயன்படும்.

வெளிமாநிலத்தார் பார்க்க வேண்டுமென்றால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டுமா?

வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைத்துக் காட்டினார்கள். 2018-இல் தொடங்கிய அந்த வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். அவர்கள் நீளமாக விளக்கம் சொல்வதில்லை. அம்மியில் மசாலா அரைபடும் ஓசை, பொருளின் பெயரை உரக்கச் சொல்லும் குரல், கொதிக்கும் அண்டா, கடைசியில் இலையில் உட்கார்ந்து உண்ணும் முகங்கள். இதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பேச்சு மொழியை மாற்றுவதைவிட, பேச்சில்லாமல் புரியும் காட்சிகளைக் கூட்டுவது நல்லது.

ஷார்ட்ஸ் போட்டால் சேனல் வளருமா?

ஷார்ட்ஸ் என்பது யூடியூபின் குறு வீடியோ வடிவம். புதியவர்கள் கண்ணில் படுவதற்கு உதவும். குறு வீடியோச் செயலியான டிக்டாக் 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஷார்ட்ஸ் முதலில் வெள்ளோட்டம் பார்த்ததும் இந்தியாவில்தான். 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை போடலாம்.

ஆனால் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், உங்கள் இருபது நிமிடப் பாடத்தைப் பார்க்க உட்காருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். முழு வீடியோவில் வரும் ஒரே ஒரு சந்தேகத்தை ஷார்ட்ஸ் துண்டாகச் செய்து, ஸ்டூடியோவில் "தொடர்புடைய வீடியோ" என்ற இடத்தில் முழு வீடியோவை இணையுங்கள். விளக்கத்திலும் கருத்திலும் எழுதும் இணைப்புகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸில் சொடுக்கினால் திறப்பதில்லை. அந்த ஒரு வழிதான் நேர்வழி.

எந்த நாள், எந்த நேரத்தில் வெளியிடுவது?

மணியைவிட மாதம் முக்கியம். வெளியிடும் நேரம் ஒரு வீடியோவின் நீண்டகாலப் பார்வையை மாற்றுவதாகத் தெரியவில்லை என்பது யூடியூபின் நிலைப்பாடு. பருவம் அப்படியில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவர் விதைநேர்த்தியைப் பற்றி ஆனியிலேயே தேடத் தொடங்கிவிடுவார். ஆவணியில் நீங்கள் வெளியிட்டு என்ன பயன்? பத்தாம் வகுப்புத் திருப்புதல் பாடங்கள் தேர்வு தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே இருக்க வேண்டும். பலகாரக் குறிப்பு தீபாவளிக்கு முந்தின இரவு வந்தால், அடுத்த தீபாவளிக்குத்தான் பயன்படும்.

கனடாவில் உறவுகள் அதிகம் பார்க்கிறார்கள் என்றால், இங்கே மாலை 7 மணி டொரன்டோவில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30.

உறவினர்கள் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

இணைப்பை அனுப்புங்கள், வீடியோக் கோப்பை அனுப்பாதீர்கள். கோப்பாகப் போனது ஆயிரம் பேரிடம் சுற்றினாலும் உங்கள் சேனலில் ஒரு பார்வைகூட ஏறாது. அதில் பிழை இருந்தாலும் உங்களால் திருத்த முடியாது.

அதையும் ஊர் முழுக்க அனுப்ப வேண்டியதில்லை. பாசத்துக்காகத் திறந்து பத்து நொடியில் மூடும் ஐம்பது பேரைவிட, விஷயம் தேவைப்படும் ஐந்து பேர் கடைசிவரை பார்ப்பது மேல். வெள்ளாடு வளர்ப்பு வீடியோவை வெள்ளாடு வளர்ப்போர் குழுவுக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது "நாலாவது நிமிடத்தில் குடற்புழு மருந்தின் அளவு இருக்கிறது" என்று ஒரு வரி எழுதினால் திறப்பார்கள். விளக்கத்தில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக்குறிப்புகள் எழுதிவிட்டால், ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையாமல் இருக்கும் பட்சத்தில், வீடியோவே அத்தியாயங்களாகப் பிரிந்து நிற்கும்.

பணம் கொடுத்தால் பத்தாயிரம் பார்வை ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள்.

தயவுசெய்து கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒரு முகவரிடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் எண்ணிக்கை ஏறியது. கருத்து ஒன்றுகூட வரவில்லை, சராசரியாகப் பார்த்த நேரம் சில நொடிகள். பிறகு யூடியூப் அந்தப் பார்வைகளைக் கழித்துவிட்டது. முகவர் தொலைபேசியை எடுப்பதில்லை. போலிப் பார்வை யூடியூபின் விதிகளுக்கு எதிரானது, சேனலே போய்விடலாம். "நீ எனக்கு, நான் உனக்கு" என்று மாறி மாறிச் சந்தாதாரர் ஆவதும் இதே கணக்குதான்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வைக்கலாமா?

வேண்டாம். யூடியூபின் தானியங்கிக் கண்டறியும் முறை அடையாளம் கண்டுவிடும். வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோவே தெரியாமல் போகலாம். உரிமையாளர் நேரடியாகப் புகார் கொடுத்து, 90 நாளுக்குள் மூன்று எச்சரிக்கை சேர்ந்துவிட்டால் சேனலை இழக்கலாம். ஸ்டூடியோவிலேயே இலவச இசைக் களஞ்சியம் இருக்கிறது. இசையே வேண்டாம் என்பது என் விருப்பம். சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்று வாங்கி, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார்கள்.

என் வீடியோவில் கருத்து எழுதவே முடியவில்லை என்கிறார்கள். ஏன்?

"குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 2020 ஜனவரி முதல் அப்படிக் குறித்த வீடியோக்களில் கருத்துப் பகுதி இருக்காது. சந்தாதாரர்களுக்கு அறிவிப்பும் போகாது. கணக்கு ஆசிரியர் ஒருவர், பார்ப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தானே என்று பத்தாம் வகுப்புப் பாடங்கள் அனைத்தையும் இப்படிக் குறித்துவிட்டார். பிள்ளைகள் சந்தேகம் கேட்க வழியில்லாமல் போனது. அந்தக் குறி சிறுபிள்ளைகளுக்கென்றே செய்த பாட்டு, கதை, பொம்மை வீடியோக்களுக்கு உரியது. உண்மையிலேயே சிறுவர்களுக்காக எடுத்தால் கட்டாயம் குறிக்க வேண்டும். அதை மறைப்பது தவறு.

எத்தனை சதவீதம் பேர் தொட்டுத் திறந்தால் நல்லது?

யூடியூப் தரும் தகவலின்படி, பாதிச் சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாமல் உங்கள் பழைய வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். அதிகம் பேர் திறந்து உடனே மூடினால் தலைப்பும் படமும் ஏமாற்றியிருக்கின்றன. குறைவான பேர் திறந்து கடைசிவரை பார்த்தால் வீடியோ நன்றாக இருக்கிறது, வாசல்தான் சரியில்லை, படத்தை மாற்றுங்கள்.

வருமானம் எப்போது வரும்?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை.

பார்வை வராத பழைய வீடியோக்களை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அழித்தால் அதில் சேர்ந்த மணிநேரங்கள் அந்த 4,000 கணக்கிலிருந்து போய்விடும். ஸ்டூடியோவில், திறந்தவர்கள் அதிக நேரம் தங்கிய பழைய வீடியோக்கள் நான்கைந்தைத் தேடி எடுங்கள். தலைப்பின் முதல் சொல்லை மாற்றுங்கள், படத்தைப் புதிதாகச் செய்யுங்கள், சப்டைட்டில் சேருங்கள். கோயில் சிற்பங்களை விளக்கும் அந்த ஓய்வு பெற்ற அலுவலருக்கு இப்போது இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையை அவர் விரலால் சுழற்றிக் காட்டும் வீடியோ ஒன்று, "கோயில் உலா பகுதி 14" என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளாகக் கிடந்தது. நேற்று அதன் தலைப்பை "யாளியின் வாயில் உருளும் கல்" என்று மாற்றினோம். அடுத்து பகுதி 15.